கார்பன் கம்புல விரிசல் விட்டா என்ன பண்ணணும்? ஆரணி தறி வீட்டுப் பிள்ளையோட ஒரு பேச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம். விருந்தினர் தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை.)

ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போறவங்க இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் தரையில நின்னுக்கிட்டு, நீளமான கருப்புக் கம்பைத் தூக்கிப் பிடிச்சு, மூணாவது மாடி ஜன்னலைத் தேய்ச்சுட்டிருப்பார். கம்பு நுனியில ஒரு பிரஷ். பிரஷ்ல இருந்து தண்ணி கொட்டும். ஏணியும் கிடையாது, கயிறும் கிடையாது. அந்தக் கம்பு கார்பன் ஃபைபர். சைக்கிள், டென்னிஸ் மட்டை, தேஜஸ் போர் விமானத்தோட இறக்கை எல்லாத்துலயும் இருக்கிற அதே சமாச்சாரம்.

இன்னைக்கு நம்ம கூட இருக்கிற அண்ணன் சென்னையில பதினோரு வருஷமா கண்ணாடி துடைக்கிற வேலை பார்க்கிறார். சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கூட இருக்கு. அவரோட அப்பா பட்டு நெசவாளர். கம்பு உடைஞ்சா எப்படிப் பழுது பார்க்கிறதுன்னு கேட்கத்தான் கூப்பிட்டோம். அவர் பாவு, ஊடையில ஆரம்பிச்சு கரண்டு கம்பியில கொண்டுவந்து முடிச்சார்.

முதல்ல, இந்தக் கம்பு எதுக்கு?

தொகுப்பாளர்: அண்ணா, சாதாரண அலுமினியக் குழாய்ல பிரஷைக் கட்டினா ஆகாதா?

விருந்தினர்: ஒரு மாடிக்கு ஆகும்மா. அதுக்கு மேல போனா எடை கையை வாங்கிடும். ஒரே அளவு துண்டை எடுத்துக்கிட்டா, கார்பன் அலுமினியத்தோட எடையில பாதியை விடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். இரும்பு அதைப் போல அஞ்சு மடங்கு. என்கிட்ட இருக்கிற 35 அடி கம்பு ரெண்டரை கிலோகூட வராது. எடையை விட முக்கியம் விறைப்பு. அவ்வளவு உயரத்துல கம்பு வளைஞ்சு ஆடிச்சுன்னா, பிரஷ் நாம நினைக்கிற இடத்துல நிக்காது.

தொகுப்பாளர்: துணி வச்சுத் துடைக்காமலே எப்படிக் கறை இல்லாம காயுது?

விருந்தினர்: நம்ம போர் தண்ணி கண்ணாடியில காய்ஞ்சா வெள்ளைப் புள்ளி விழும்ல? அது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு. நாங்க ஆர்.ஓ.ல விட்டு, அப்புறம் ரெசின் வடிகட்டியில விட்டு, டிடிஎஸ் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துடுவோம். உப்பே இல்லைன்னா புள்ளியும் இல்ல. தேய்ச்சு, அலசி விட்டா போதும், தானா காஞ்சுடும்.

பாவு இருக்கு, கஞ்சி இருக்கு

தொகுப்பாளர்: கார்பன் ஃபைபர்னா உண்மையில என்ன? பிளாஸ்டிக்கா, கரியா?

விருந்தினர்: ரெண்டும்தான். எங்க அப்பாவுக்கு எப்படி விளக்கினேனோ, அதையே சொல்றேன். ஒரு பட்டுக்கூட்டுல இருந்து ஒரே இழையா கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூல் வரும். ஆனா அந்த ஒத்தை இழையை வச்சு நெய்ய முடியாது. பல இழையைச் சேர்த்து முறுக்கித்தான் பாவு. கார்பனும் அப்படித்தான். ஒரு இழை ஏழு மைக்ரான் வரும், அதாவது தலைமுடியில பத்துல ஒரு பங்கு. மூவாயிரம், பன்னிரண்டாயிரம் இழையைச் சேர்த்து ஒரு கத்தையா விப்பாங்க.

(இங்கே ஒரு சின்னக் குறிப்பு. இன்றைக்குப் பெரும்பாலான கார்பன் இழை, அக்ரிலிக் வகையைச் சேர்ந்த ஒரு செயற்கை நூலிலிருந்து வருகிறது. அதைக் காற்று படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மற்றதெல்லாம் ஆவியாகி, கார்பன் மட்டும் இழை வடிவத்திலேயே மிஞ்சும். யோசனை பழசு. 1879-ல் எடிசன் தன் பல்புக்காகப் பருத்தி நூலைக் கரியாக்கினார், பிறகு மூங்கிலையும் கரியாக்கினார்.)

விருந்தினர்: வெறும் இழை துவண்டு கிடக்கும். பாவுக்கு நாங்க கஞ்சி போடுவோம்ல, இழை பிசிறு எழாம ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு நிக்க? இங்க கஞ்சிக்குப் பதிலா எபாக்ஸி. ஆனா ஒரு வித்தியாசம். துணியில கஞ்சியை அலசி எடுத்துடலாம். எபாக்ஸி ஒரு தடவை இறுகினா இறுகினதுதான். கம்போட பலம் இழையில இருக்கு. அந்த இழையை இடத்துல பிடிச்சு வைக்கிறது எபாக்ஸி. ரெண்டுல எது கெட்டாலும் கம்பு கெட்டுப் போச்சு.

தொகுப்பாளர்: இழை எந்தப் பக்கம் ஓடும்?

விருந்தினர்: நல்ல கேள்வி. பெரும்பாலான இழை நீளவாக்குல ஓடும். அதுதான் பாவு. வளையாம நிக்கிறதுக்கு அது வேணும். கொஞ்ச இழை குறுக்கா, சுத்தி ஓடும். அது ஊடை. ஊடை கம்மியா இருக்கிறதால, கம்பை அமுக்கி நசுக்கினா மூங்கில் பிளக்கிற மாதிரி நீளவாக்குல பிளந்துக்கும். வர்ற பழுதுல பாதி இதுதான்.

எதனால கெடுது?

தொகுப்பாளர்: கீழே போட்டாதானே உடையும்?

விருந்தினர்: கீழே விழுந்து உடையறது கம்மி. தினமும் பண்ற சின்னத் தப்புலதான் நிறைய போகுது. நான் அஞ்சு சொல்றேன்.

முதல்ல மண்ணு. கம்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற குழாய்ங்க. நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுல மணல் புகுந்தா, ஒவ்வொரு தடவை இழுக்கிறப்பவும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி.

ரெண்டாவது கிளாம்ப். கம்பு வழுக்குதுன்னு திருகை மேல மேல முறுக்குவாங்க. கிளாம்ப் நெம்புகோலைக் கட்டை விரலால மூட முடியணும். உள்ளங்கையால அடிச்சு மூடுறீங்கன்னா, அது குழாயை நசுக்குதுன்னு அர்த்தம்.

மூணாவது வெயில். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் எபாக்ஸியை அரிக்கும். மேல இருக்கிற பளபளப்புப் பூச்சு போய், கம்பு சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும்.

நாலாவது சூடு. நம்ம ஊர்ல கத்திரி வெயில்ல வெளிய 40 டிகிரி தாண்டும். மூடின வண்டிக்குள்ள 60-க்கு மேல போகும். சாதாரண சூட்டுல இறுகின எபாக்ஸி பலதும் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். வண்டியில கம்பைச் சாய்ச்சு வச்சு, மேல மூட்டையையும் வச்சா, அப்படியே வளைஞ்சு நிக்கும். வீட்டுல ஒட்டின ஒட்டு முதல்ல விட்டுடும்.

அஞ்சாவது யாரும் யோசிக்காதது. அலுமினியமும் கார்பனும் ஈரத்தோட ஒட்டி இருந்தா, அலுமினியம் வேகமா அரிக்கும். பேட்டரிக்குள்ள நடக்கிற வேலைதான் அங்கேயும் நடக்குது. அலுமினிய ரிவெட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி தெரிஞ்சா அதுதான்.

தினசரி, வாராந்திர வேலை

தொகுப்பாளர்: அப்போ தினமும் என்ன பண்ணணும்?

விருந்தினர்: வேலை முடிஞ்சதும் முழுசா நீட்டி வச்சு, ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே மடக்கணும். அழுக்கோட மடக்கினா அழுக்கு உள்ள போயிடும். வாரம் ஒரு நாள் எல்லாப் பகுதியையும் தனித்தனியா கழட்டி, உள்ளயும் வெளியயும் தண்ணி விட்டு அலசி, நிழல்ல காய வைக்கணும். ஈரத்தோட உறையில போடக்கூடாது.

தொகுப்பாளர்: வழுவழுன்னு போகணும்னு எண்ணெய் போடலாமா?

விருந்தினர்: போடவே கூடாது. எண்ணெய்ல மண்ணு ஒட்டும். கிளாம்பும் வழுக்கும். தறியிலயும் பாவு மேல எண்ணெய் பட்டா அப்பா உயிரை எடுத்துடுவார்!

நீட்டுறதுக்கும் ஒரு முறை இருக்கு. நுனியில இருக்கிற மெல்லிசான குழாயை முதல்ல இழுக்கணும், தடியானதைக் கடைசியா. அப்பதான் கிளாம்ப் எல்லாம் கைக்கு எட்டுற உயரத்துல இருக்கும். அப்புறம், முழுசா நீட்டின கம்பைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. ரோட்டுல படுக்கவும் வைக்காதீங்க, வண்டி ஏறிடும்.

விரிசலைக் கண்டுபிடிக்கிறது

தொகுப்பாளர்: விரிசல் கண்ணுக்குத் தெரியுமா?

விருந்தினர்: சில நேரம் தெரியாது. மூணு சோதனை இருக்கு. ஒண்ணு, கழுவிக் காயவச்சு, வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சுப் பார்க்கிறது. ரெண்டு, ஒரு பஞ்சை எடுத்து நீளவாக்குல தடவுறது. பிசிறு இருந்தா பஞ்சு மாட்டும். கையால தடவாதீங்க, கார்பன் சிம்பு தோல்ல ஏறினா எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். மூணாவது, ஒரு ரூபாய்க் காசால தட்டிக்கிட்டே போறது. நல்ல இடத்துல 'டிங்'னு ஒரே மாதிரி கேட்கும். உள்ள அடுக்கு பிரிஞ்சிருந்தா 'டப்'னு அமுங்கின சத்தம் வரும். விமானத்தோட கார்பன் பாகங்களைச் சோதிக்கிறவங்களும் இந்தத் தட்டுற முறையைப் பயன்படுத்துறாங்க.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது?

தொகுப்பாளர்: சரி, விரிசலைக் கண்டுபிடிச்சாச்சு. அடுத்து?

விருந்தினர்: மூணு வகையா பிரிச்சுக்கங்க.

முதல் வகை, மேல் கீறல். பூச்சு மட்டும் போயிருக்கு, இழை அறுபடலை. 400-ம் நம்பர் நீர்த்தாளைத் தண்ணியில நனைச்சு லேசா தேய்க்கணும். காயவச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால துடைச்சு, மெல்லிசா எபாக்ஸியோ வார்னிஷோ ஒரு பூச்சு. கெட்டியா பூசினா குழாய் உள்ள போகாது.

ரெண்டாவது வகை, குழாய் வாயில விரிசல். கிளாம்ப் இருக்கிற இடத்துல ஓர் அங்குலம், ரெண்டு அங்குலம் பிளந்திருக்கும். இதை ஒட்ட வேண்டாம், வெட்டி எடுத்துடுங்க. ஹேர் டிரையரால சூடு காட்டி, பசையை இளக வச்சு கிளாம்பைக் கழட்டணும். வெட்டுற இடத்துல டேப்பை இறுக்கமா சுத்தி, நெருக்கமான பல் இருக்கிற ரம்பத்தால, தண்ணி விட்டுக்கிட்டே அறுக்கணும். விரிசல் முடியுற இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி அறுங்க. அறுத்த வாயில எபாக்ஸி தடவி மூடிட்டு, திரும்பக் கிளாம்பை மாட்டுங்க. ரெண்டு அங்குலம் நீளம் குறையும், அவ்வளவுதான்.

மூணாவது வகை, நடுவுல முறிஞ்சது. இதுலதான் எல்லாரும் காசையும் நேரத்தையும் விடுறாங்க.

தொகுப்பாளர்: ஏன், மேல கார்பன் துணி சுத்தி ஒட்டினா ஆகாதா? யூடியூப்ல சைக்கிளுக்கு அப்படித்தானே பண்றாங்க?

விருந்தினர்: சைக்கிள் ஃபிரேம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையறதில்லையே. இங்க மேல சுத்தினா அந்தக் குழாய் அடுத்த குழாய்க்குள்ள போகாது. உள்ள துண்டு வச்சு ஒட்டினா, அதுக்குள்ள வரவேண்டிய மெல்லிசான குழாய் வராது. அதனால நடுக் குழாய்ங்க முறிஞ்சா, அந்தப் பகுதியை மட்டும் புதுசா வாங்குறதுதான் வழி. ரெண்டு குழாய்க்கு மட்டும் விலக்கு உண்டு. எல்லாத்துக்கும் வெளிய இருக்கிற அடிக் குழாய்க்கு மேல சுத்தலாம், அதுக்கு மேல எதுவும் ஏறாது. எல்லாத்துக்கும் உள்ள இருக்கிற நுனிக் குழாய்க்கு உள்ள துண்டு வைக்கலாம், தண்ணி டியூப் போற வழி மட்டும் அடைபடக்கூடாது.

தொகுப்பாளர்: அடிக் குழாய்க்குச் சுத்துறப்போ என்ன தப்பு நடக்கும்?

விருந்தினர்: கட்டுப் போடுற மாதிரி சுத்திச் சுத்திப் போடுவாங்க. அது வெறும் ஊடைதான், பாவே இல்ல. வளையுற சுமையைத் தாங்குறது நீளவாக்குல ஓடுற இழை. அதனால முதல்ல நீளவாக்குல இழை படுக்கணும், அதுக்கு மேலதான் சுத்தணும். முறிஞ்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் தாராளமா நீளம் விட்டு, ஓரம் போகப்போக மெல்லிசாகிற மாதிரி படுக்கணும். அப்பா தறியில ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவை இணைக்கிறப்போ, பழைய இழையையும் புது இழையையும் நுனியோட நுனி வைக்க மாட்டார். ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்ச தூரம் படிய வச்சு முறுக்குவார். அந்தப் படியற தூரம்தான் பிடிப்பு. இதுக்கும் அதே கணக்கு.

எபாக்ஸியைக் கண் அளவா கலக்காதீங்க. டப்பாவுல என்ன விகிதம் போட்டிருக்கோ, அதைத் தராசுல வச்சுக் கலக்கணும். கடினமாக்கியை அதிகமா ஊத்தினா சீக்கிரம் இறுகும்னு நினைப்பாங்க. இறுகாது, கொழகொழன்னு நிக்கும். ஒரே கிண்ணத்துல நிறைய கலந்தா தானா சூடாகிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க.

நைட்ரைல் கையுறை, கண்ணாடி, என்-95 முகமூடி மூணும் கட்டாயம். எபாக்ஸி தோல்ல தொடர்ந்து பட்டா ஒவ்வாமை வந்துடும். வந்தா போகாது. கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும், கம்ப்யூட்டர், மோட்டார் பக்கத்துல வச்சுத் தேய்க்காதீங்க.

ஆரணியில நடந்தது

தொகுப்பாளர்: மின்சாரம்னதும் ஞாபகம் வருது. நீங்க போன்ல ஒரு விஷயம் சொன்னீங்க.

விருந்தினர்: ஆமாம்மா. நாலு வருஷம் முன்னாடி, பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர் ஒருத்தர் கடைக்கு முன்பக்கம் ரெண்டு மாடிக்குக் கண்ணாடி. துடைச்சுக் குடுன்னு கேட்டார். கம்பு கையில இருந்துச்சு, சரின்னுட்டேன். ஒரு கிளாம்ப் அப்பவே லேசா வழுக்கிட்டிருந்துச்சு. சென்னை போய் மாத்திக்கலாம்னு டேப் சுத்தி வச்சிருந்தேன்.

எங்க ஊர்ல தெருவோரமாவே கரண்டு கம்பி போகும், உங்களுக்குத் தெரியும். நான் நின்ன இடத்துல இருந்து ஒரு எட்டு, பத்து அடி தள்ளி மேல உயர் அழுத்தக் கம்பி. நான் நேரா கண்ணாடியைத்தானே தேய்க்கிறேன், அது பாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குன்னு நினைச்சேன். தேய்க்கிறப்போ அந்தக் கிளாம்ப் விட்டுடுச்சு. மேல் குழாய் சர்ருன்னு உள்ள இறங்கவும், நான் நிலை தடுமாறிக் கம்பைச் சாய்ச்சுட்டேன். கம்பிப் பக்கமா. எதிர்ல திண்ணையில உட்கார்ந்திருந்த அப்பா, 'டேய், விடுறா'ன்னு கத்தினார். விட்டுட்டேன். கம்பிக்குச் சுமார் மூணு அடி தள்ளி விழுந்துச்சு. அந்தக் குழாய் இறங்காம முழு நீளத்துல இருந்திருந்தா தொட்டிருக்கும்.

தொகுப்பாளர்: தொட்டிருந்தா?

விருந்தினர்: இன்னைக்கு நான் பேசிட்டிருக்க மாட்டேன். நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. கருப்பா, பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, இரும்பு இல்ல, அதனால கரண்டு பாயாதுன்னு நினைக்கிறாங்க. கார்பன் மின்சாரத்தை நல்லா கடத்தும். தெருவுல போற கம்பியில 11 ஆயிரம், 22 ஆயிரம் வோல்ட் ஓடும். தொடக்கூட வேண்டாம், ரொம்பக் கிட்டப் போனாலே காத்துல தாவும்.

தொகுப்பாளர்: கண்ணாடி இழைக் கம்பு வாங்கினா?

விருந்தினர்: மின்வாரியத்துக்காரங்க வச்சிருக்கிற கம்பு கண்ணாடி இழைதான். ஆனா அதைச் சோதிச்சு, காஞ்ச நிலையில சுத்தமா வச்சிருப்பாங்க. நம்ம கம்புக்குள்ளயும் வெளியயும் தண்ணி ஓடிட்டே இருக்கு. சுத்தமான தண்ணி கரண்டைக் கடத்தாதேன்னு படிச்சவங்க கேட்பாங்க. பிரஷ்ல அழுக்கு கலந்ததும் அது சுத்தமான தண்ணி இல்லையே? அதனால எந்தக் கம்பா இருந்தாலும் கம்பிப் பக்கம் வேலை கிடையாது.

நான் இப்போ ஒரு கணக்கு வச்சிருக்கேன். நிக்கிற இடத்துல இருந்து, கம்பு முழு நீளத்துக்கு எந்தப் பக்கம் சாய்ஞ்சு விழுந்தாலும் கரண்டு கம்பிக்கிட்டப் போகக்கூடாது. போகும்னா வேலை வேண்டாம்னு சொல்லிடுவேன். கிளாம்ப் வழுக்கினா அன்னைக்கே கம்பை ஓரமா வச்சுடுவேன். டேப் சுத்துறதில்ல.

தொகுப்பாளர்: அந்தக் கடைக் கண்ணாடி?

விருந்தினர்: அதை உள்ள இருந்து ஜன்னலைத் திறந்து கையால துடைச்சுக் குடுத்தேன். எட்டாத இடத்தை அப்படியே விட்டுட்டேன். சொந்தக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்பா அவர்கிட்ட போய்ப் பேசிட்டு வந்தார்.

கடைசியா

மக்களே, உங்க அபார்ட்மென்ட்டுலயோ ஆபீஸ்லயோ இந்த வேலைக்கு ஆள் வர்றப்போ ரெண்டு விஷயம் பாருங்க. வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துல கரண்டு கம்பி போகுதா? கம்புல டேப் சுத்தின ஒட்டு தெரியுதா? தெரிஞ்சா, இன்னைக்கு வேண்டாம்ணே, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. நாள் கூலிக்கு வர்றவர் தானா சொல்ல மாட்டார். ஒருவேளை யாராவது மாட்டிக்கிட்டாலோ, கம்பி அறுந்து கிடந்தாலோ கிட்டப் போகாதீங்க, தொடாதீங்க. மின்வாரியத்தோட மின்னகம் எண் 94987 94987, ஆம்புலன்சுக்கு 108. கரண்டை நிறுத்தியாச்சுன்னு உறுதியான பிறகுதான் பக்கத்துல போகணும்.

வீட்டுல சோலார் பலகை இருக்கிறவங்களும் இப்போ இந்தக் கம்பை வாங்க ஆரம்பிச்சிருக்கீங்க. உங்களுக்கும் இதே கணக்குதான். மொட்டை மாடியில நிக்கிறப்போ கரண்டு கம்பி தலைக்கு இன்னும் பக்கத்துல இருக்கும்.

ஆரணியில அண்ணனோட அப்பா இன்னும் தறியில உட்கார்றாராம்.